எச்சரிக்கை வராத நாள்

என் பயோடேட்டாவில் ஒரே ஒரு பொய் உண்டு. புள்ளியியல் பட்டம் உண்மை. தரக்கட்டுப்பாட்டில் பதினெட்டு வருட அனுபவம், அதுவும் உண்மை. கடைசி வரியில் ‘படிநிலைப் புள்ளியியல் மாதிரிகளில் தேர்ச்சி’ என்று இருந்ததே, அதுதான் பொய். வேலை தேடும் தளத்தில் யாரோ போட்டிருந்ததை அப்படியே எடுத்து ஒட்டினேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஸ்டீல் புஷ் என்கிற உருளை வளையம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் இதை எவர் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். இரண்டு வருடம் யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் வருடம் மேனேஜர் கூப்பிட்டார்.

“மேடம், காண்ட்ராக்ட் புதுப்பிக்கிற நேரம். ரிஜெக்ஷன் அதிகமா இருக்கிற கடைசி அஞ்சு பேரை விட்டுடலாம்னு இருக்கோம். ஆனா ஆடிட்டுக்கு வந்த கஸ்டமர், வெறும் சராசரியை வச்சு ஆளைக் கழிக்காதீங்க, ஹயரார்க்கிக்கல் மாடல் போட்டு உறுதி பண்ணுங்கன்னு சொல்லிட்டார். உங்க பயோடேட்டாலயே இருக்கே, உங்களுக்குத்தான் அது தெரியுமே?”

“தெரியும் சார்” என்றது என் வாய்.

அவர் நீட்டிய தாளில் இருபத்துநான்கு டோக்கன் நம்பர்கள் இருந்தன. கீழே ஐந்துக்குச் சிவப்பு மையில் வட்டம். எங்கள் தளத்தில் எட்டு கிரைண்டிங் மெஷின். மூன்று ஷிப்டிலும் மெஷினுக்கு ஒரு பெண்ணாக மொத்தம் இருபத்துநான்கு பெண்கள். சாணை பிடித்து வரும் புஷ்ஷை டிஜிட்டல் வெர்னியர் என்ற அளவுக் கருவியால் அளந்து பார்த்து, சரியானதை ட்ரேயில் அடுக்க வேண்டும். மெஷினுக்கு ஒரு நிறத்தில் ட்ரே. ஷிப்ட் முடிவில் அதன்மேல் தன் டோக்கன் நம்பர் ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். பிறகு என் அளவீட்டு அறையில் திரும்ப அளப்போம். தப்பான புஷ் எத்தனை என்பது அந்த ஸ்டிக்கர் நம்பரின் கணக்கில் ஏறும். வட்டமிட்ட ஐந்தில் ஒன்று பதினேழு. அந்தப் பெண்ணுக்கு அப்போது ஆறாம் மாதம்.

நான் சின்ன வயதிலிருந்தே பயந்தாங்கொள்ளி. லிஃப்ட் நடுவில் நின்றுவிடுமோ என்று திருவேற்காட்டு ஃப்ளாட்டில் மூன்று மாடியும் படியேறித்தான் போவேன். அப்படிப்பட்டவளின் கையில் ஐந்து பேரின் பிழைப்பு. தெரியாது என்று சொன்னால் என் வேலை போகும். தெரியும் என்று தப்பாகச் செய்தால் அவர்கள் வேலை போகும். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டவள் நான்தான், வேறு யாரையும் திட்ட முடியாது.

மூன்று வாரம் அவகாசம். படிக்கக் கிளம்பினேன்.

முதலில் ஒரு புத்தகம் தரவிறக்கினேன். தலையணை தடிமன். இரண்டாம் பக்கத்திலேயே கிரேக்க எழுத்துகள் படை திரண்டு வந்தன. பட்டப்படிப்பில் இவற்றோடு எனக்குப் பழக்கம் உண்டு, ஆனால் இருபது வருடம் கழித்துப் பார்க்கிற சொந்தக்காரர்கள் மாதிரி முகம் தெரிந்தது, பெயர் வரவில்லை. மூடினேன். அடுத்து வீடியோக்கள். ஷேர் ஆட்டோவில் மூன்று பேருக்கு நடுவே இடிபட்டுக்கொண்டு காதில் மாட்டிக் கேட்டேன். ஒருவர் முதல் பத்து நிமிடம் தன் சேனலில் சேரச் சொன்னார். இன்னொருவர் உண்மையிலேயே அறிவாளி. அதனாலேயே அவர் பேசியது எனக்கு எட்டவில்லை. தொழிற்பேட்டைக்கு வெளியே ஸ்வீட் ஸ்டாலுக்கு மேல்மாடியில் ஒரு கோச்சிங் சென்டர் இருந்தது. போய்க் கேட்டேன். வரவேற்பிலிருந்த பெண் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து, “அது ஏஐ கோர்ஸ்ல கடைசி மாட்யூல்ல வரும் மேடம், ஆறு மாசம் ஆகும்” என்றாள். எனக்கு ஆறு மாதம் இருந்தால் நான் ஏனம்மா மாடியேறி வருகிறேன்?

கணினியில் ஒரு ஏஐ அரட்டைப் பொறியையும் கேட்டேன். காலையில் ஒரு வழி சொன்னது, சாயங்காலம் அதற்கு நேர்மாறாக இன்னொன்று. இரண்டையும் ஒரே தைரியத்தோடு சொன்னது. அந்த தைரியத்தில் கால்வாசி எனக்கு இருந்தால் போதும் என்று தோன்றியது.

படிநிலை மாதிரியின் கருத்து மட்டும் எப்படியோ பிடிபட்டது. ஒவ்வொருவரையும் தனித்தனியாக எடை போடாதே, எல்லாரையும் ஒரே மூட்டையாகவும் கட்டாதே. இரண்டுக்கும் நடுவில் நில். பூந்தமல்லியில் புதிதாகத் திறந்த பிரியாணிக் கடையில் ஒரே ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு ஊரிலேயே இதுதான் உசத்தி என்று யாராவது சொன்னால், நாம் பாதிதானே நம்புவோம்? அதே போல, குறைந்த ட்ரே வைத்திருக்கும் ஆளின் எண்ணைப் படிநிலை மாதிரி பாதிதான் நம்பும். மீதிக்கு அவரை எல்லாருடைய சராசரியான நடுவை நோக்கி இழுத்துவிடும். ஆள் ஒரு படி, மெஷின் ஒரு படி. குற்றம் கையிலா மெஷினிலா என்று பிரித்துச் சொல்லும். இவ்வளவு நியாயமான கணக்கா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

நெட்டில் கிடைத்த ஒரு கணினி நிரலை எடுத்து, நம்பர்களை மாற்றி, இலவச மென்பொருளில் ஓட்டினேன். சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. ஆளுக்கு ஆள் வேறுபாடு எல்லையில் போய் முட்டி நிற்கிறது, அதாவது பூஜ்யம். இருபத்துநான்கு பேரும் அச்சு அசலாக ஒரே கை என்று சொல்கிறது மென்பொருள். இருபத்துநான்கு இட்லி ஊற்றினாலே ஒரே மாதிரி வராதே! நான்தான் எதையோ கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

இணையத்தில் ஒரு மன்றத்தில் கேள்வி போட்டேன். ஒருவர், “முதலில் கையேட்டைப் படியுங்கள்” என்றார். இன்னொருவர் ஒரு வரி நிரலைக் கொடுத்து, இதைச் சேர்த்தால் எச்சரிக்கை வராது என்றார். சேர்த்தேன். வரவில்லை. இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினேன். மூன்றாம் நாள்தான் உறைத்தது, அந்த வரி எச்சரிக்கையைத் தீர்க்கவில்லை, திரை போட்டு மறைத்திருக்கிறது. வீட்டில் புகை வந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்த கதை.

கடைசியில் எனக்கு வழி காட்டியது இரண்டு. ஒன்று, அந்த மன்றத்துக்காரர் எரிச்சலோடு சொன்ன அதே கையேடு. மென்பொருளோடு இலவசமாக வருவது, யாரும் திறப்பதில்லை, நானும் திறக்கவில்லை. இன்னொன்று, எங்கோ தூர தேசத்து ஆசிரியர் ஒருவர் தன் வகுப்புக்காக எழுதி வைத்த குறிப்புகள். முதல் பாடத்தில் மாதிரியே கிடையாது. இரண்டே கட்டளை. பொய்த் தரவு ஒன்றை நீயே செய், விடை உனக்குத் தெரிந்த தரவு. அதை மென்பொருள் கண்டுபிடிக்கிறதா பார். பிறகு, உன் உண்மைத் தரவைப் படமாக வரைந்து பார், பார்க்காமல் எதையும் ஓட்டாதே.

அளவீட்டு அறையில் கருவிகளுக்காக ஏசி உண்டு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே உட்கார்ந்து, இல்லாத இருபத்துநான்கு பெண்களை உருவாக்கினேன். ஐந்து பேருக்கு நானே மோசமான கையைக் கொடுத்தேன். ஓட்டினேன். மென்பொருள் அந்த ஐந்து பேரையும் சரியாகப் பிடித்தது. அடுத்து எல்லாருக்கும் ஒரே கை கொடுத்தேன். அதே சிவப்பு எச்சரிக்கை, அதே பூஜ்யம். ஆக, மென்பொருள் பொய் சொல்லவில்லை. நானும் கெடுக்கவில்லை. அப்படியானால் பூஜ்யம் எங்கிருந்து வந்தது? பயம் போய்விடும் என்று பார்த்தால் இடம்தான் மாறியது.

உண்மைத் தரவில் ஒரு நாளை எடுத்து வரைந்தேன். மேலே எட்டு மெஷின், பக்கத்தில் இருபத்துநான்கு டோக்கன், ஒரு ட்ரேக்கு ஒரு புள்ளி. மெஷின் தினம் மாறும், ஆனால் ஒரு ஷிப்டில் ஒருவர் ஒரே மெஷினில்தான் நிற்பார். அப்படியானால் ஒரு நாளைய படத்தில் ஒருவரின் புள்ளிகள் ஒரே கட்டத்தில் குவிந்திருக்க வேண்டும். என் படத்தில் எல்லாரும் எல்லாக் கட்டத்திலும் இருந்தார்கள். ஒரே ஷிப்டில் ஒரே பெண் எட்டு மெஷினிலும்! மூன்று வாரமாகக் கிரேக்க எழுத்தை முறைத்துக்கொண்டிருந்தவள் இந்தச் சின்ன விஷயத்தைப் பார்க்கவே இல்லை.

அன்று ஷிப்ட் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது தளத்துக்குப் போனேன். பெண்கள் ட்ரேக்களை நடுவில் கொண்டுவந்து குவித்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நாற்பத்தொன்றாம் டோக்கன் அக்கா, ஐம்பதைத் தாண்டியவர், பந்தியில் பரிமாறுவதுபோல ஸ்டிக்கர்களைப் பங்கு வைத்துக்கொண்டிருந்தார். பச்சை ட்ரே ஒன்று உனக்கு, மஞ்சள் ஒன்று உனக்கு. என்னைப் பார்த்ததும் எல்லாக் கையும் நின்றது.

“இன்னா மேடம், இந்நேரத்துல இந்தப் பக்கம்?”

“சும்மாதான்க்கா.”

“சொம்மா வர்ற ஆளா நீ?” அவர் எழுந்து வந்து என்னைத் தூண் பக்கம் ஒதுக்கினார். “இத்த ஆபீஸ்ல போய் ஊதிடாத மேடம். அந்தப் பதினேழு பொண்ணு மாசமா கீது. ரொம்ப நேரம் நிக்க முடில, ரெண்டு பீஸ் தப்பா பூடுது. அதான் மூணு ஷிப்ட்லயும் எல்லா ட்ரேவையும் கலந்து பங்கு போட்டுக்குறோம். ஒர்த்தி பேரு மட்டும் கெட்டுப்போவக் கூடாதுல்ல?”

கூட்டாஞ்சோறு மாதிரி ரிஜெக்ஷனைப் பங்கு போட்டிருக்கிறார்கள். பூஜ்யம் அங்கிருந்து வந்திருக்கிறது. ஆனால் பங்கில் அதிர்ஷ்டம் துரதிர்ஷ்டம் என்று கொஞ்சம் முன்பின் ஆகுமே, அந்த முன்பின்னைத்தான் மேனேஜரின் சராசரி ஆள் வித்தியாசம் என்று எடுத்துக்கொண்டது. யாரைக் காப்பாற்றப் பங்கு போட்டார்களோ அதே பதினேழு வட்டத்துக்குள் வந்துவிட்டாள். இதை அக்காவிடம் நான் சொல்லவில்லை. “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்க்கா” என்றேன்.

அறிக்கையில் பொய் எழுதவில்லை. இந்தத் தரவை வைத்து எந்த ஆளையும் தனியாகக் குறை சொல்ல முடியாது. மெஷின்களுக்கிடையே வேறுபாடு தெளிவாக இருக்கிறது. மூன்றாம் மெஷினைப் பாருங்கள். ட்ரே நிறம் மாறாது என்பதால் மெஷின் கணக்கு பத்திரமாக இருந்தது. ஆளைக் குறை சொல்ல முடியாதது ஏன் என்று மட்டும் எழுதவில்லை. முடிவு மொட்டையாக இருக்கிறதே என்று, அந்த ஆசிரியரின் குறிப்பிலிருந்து ஒரு வரியைக் கடைசியில் ஒட்டினேன். ‘தரவு சேகரிக்கும் முறையை மேம்படுத்தினால் முடிவுகள் மேலும் தெளிவாகும்.’ படித்தவள் எழுதியது மாதிரி இருந்தது.

மூன்றாம் மெஷினில் பேரிங் தேய்ந்திருந்தது நிஜம். மாற்றினார்கள். இருபத்துநான்கு பேருக்கும் காண்ட்ராக்ட் நீட்டித்தார்கள். நல்லபடி முடிந்தால் மாங்காட்டு அம்மனுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழத்தோடு வருகிறேன் என்று வேண்டியிருந்தேன். மூன்று வாரம் ஒழுங்காகப் போனேன். நான்காம் வாரம் தலைவலி என்று நின்றுவிட்டேன். அந்த வாரம்தான் ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் கைரேகைக் கருவி பொருத்தினார்கள். இனி விரலை வைத்தால்தான் ட்ரே பூட்டு திறக்கும், ஸ்டிக்கர் தானே அச்சாகி வரும்.

“உங்க ரிப்போர்ட்ல கடைசி வரி சூப்பர் மேடம்” என்றார் மேனேஜர். “எம்.டி. அதைப் படிச்சிட்டுத்தான் ஓகே பண்ணார்.”

என் வாழ்க்கையில் நான் பார்த்து ஒட்டிய வரிகள் இரண்டு. முதலாவது என்னைக் கிணற்றில் தள்ளியது. இரண்டாவது ஊரையே தள்ளிவிட்டது. பயந்துகொண்டே அந்த மாதத்தைக் கழித்தேன். அக்கா கருவியில் விரல் வைக்கும்போதெல்லாம் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். நீதானே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேனோ என்னவோ.

மாத முடிவில் தரவு ஃபைல் வந்தது. முதலில் நாள்வாரியாகப் படம் வரைந்தேன். புள்ளிகள் அதது அததன் கட்டத்தில் அடக்கமாக இருந்தன. மாதிரியை ஓட்டினேன். சிவப்பு எழுத்து வரும் வரும் என்று பார்த்திருந்தேன். ஒரு எச்சரிக்கைகூட இல்லை. வேலை அவ்வளவு சுத்தம். எனக்கு அப்போது வந்த பயம், ஒன்றும் தெரியாமல் திருதிருவென்று முழித்த நாள்களில்கூட வந்ததில்லை. அன்றைக்குத் தப்பாக இருக்கலாம் என்ற ஆறுதல் இருந்தது. இப்போது சரியாகத்தான் இருக்கும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு: உண்மை எங்கிருந்து எங்குவரை இருக்கலாம் என்று காட்டும் கோடு. பதினேழைத்தான் முதலில் தேடினேன். பாதி மாதத்திலேயே பிரசவத்துக்கு வெள்ளானூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். ட்ரே குறைவு, அதனால் கோடு நீளம்; ஆனால் நடுவிலேயே கிடந்தது. அவள் கைக்கு ஒரு குறையும் இல்லை. இருபத்துமூன்று கோடுகள், எல்லாருடைய சராசரியைக் காட்டும் நடுக்கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தன. ஒன்றே ஒன்று தொடாமல் தள்ளி நின்றது. நாற்பத்தொன்று.

இரண்டு தடவை சரிபார்த்தேன். பொய்த் தரவு செய்தும் பார்த்தேன். அசையவில்லை. பதினேழுக்காக என்று அக்கா சொன்னது எனக்காகச் சொன்ன கதை. பங்கு போட்டது அவருக்காக.

மறுநாள் காலை அவர் மெஷின் பக்கத்தில் போய் நின்றேன். கைரேகைக் கருவி வந்ததிலிருந்து நான் அவர் கண்ணைப் பார்ப்பதைத் தவிர்த்துவந்தேன். அதனால் கையையும் பார்க்கவில்லை. வெர்னியரை முழங்கை மடக்காமல் தூரமாய் நீட்டிப் பிடித்து, முகத்தைப் பின்னால் இழுத்துத்தான் படித்தார்.

“அக்கா, இது எவ்ளோ காட்டுது?”

“ஏன், உனுக்குப் படிக்கத் தெரியாதா?”

நான் நகரவில்லை. வெர்னியரைக் கீழே வைத்தார். கோபம் இல்லை, குரல் இறங்கிவிட்டது.

“எட்டா ஆறான்னு தெர்ல மேடம். ரெண்டு வர்சமா இப்டித்தான். கண்ணாடி போட்டா காண்ட்ராக்ட்காரன் வயசாய்டிச்சின்னு கயிச்சி உட்ருவான். போன வர்சம் ரெண்டு பேரை அப்டித்தான் ஊட்டுக்கு அனுப்புனான்.” கையிலிருந்த புஷ்ஷை ட்ரேயில் வைத்துவிட்டு, “உன் கம்ப்யூட்டர்ல வந்திட்ச்சா?” என்றார்.

“வந்திடுச்சுக்கா.”

அன்று பதினொரு மணிக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். மேனேஜர் அறையில் அவரும் காண்ட்ராக்ட்காரரும் உட்கார்ந்திருந்தார்கள். படியிறங்கி ஓடிவிடலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். போன தடவை ட்ரே கலந்தது எனக்குத் தெரியும், மறைத்தேன். அந்த அறிக்கையின் கடைசி வரி பார்த்து எழுதியது. இந்தப் படிநிலை மாதிரி எனக்குத் தெரியும் என்று பயோடேட்டாவில் போட்டது பொய், இங்கே வந்துதான் படித்தேன். இப்போது தெரியும், அதனால் சொல்கிறேன். நாற்பத்தொன்றின் எண் மோசம், ஆனால் மோசம் கையில் இல்லை, கண்ணில். கண்ணாடி போட்டு ஒரு மாதம் அளந்துவிட்டுப் பேசுங்கள்.

காண்ட்ராக்ட்காரர், “கண்ணாடி கேஸெல்லாம் நாங்க எடுக்கிறதில்லை மேடம்” என்றார்.

“ஏன் சார்?” என்று கேட்டுவிட்டேன். அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேரும் கண்ணாடி போட்டிருந்தோம்.

மேனேஜர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அப்புறம், “ஒரு மாசம்” என்றார். “அடுத்த ஃபைல்லயும் அவங்க கோடு நடுக்கோட்டைத் தொடலைன்னா, அவங்களை நிறுத்துற லெட்டர்ல கையெழுத்து நீங்க போடணும். உங்க பயோடேட்டா விஷயம் அதுக்கப்புறம் பேசிக்கலாம்.”

ட்ரே பங்கு போட்ட கதை வெளியே வந்ததற்காக, பிரசவத்துக்குப் போன பதினேழைத் தவிர இருபத்துமூன்று பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். பெண்கள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். கேன்டீனில் நான் தட்டோடு வந்தால் பெஞ்ச் நிரம்பிவிடும். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவள் நான். அவர்கள் செய்வது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

நாற்பத்தொன்று மட்டும் பேசுகிறார், ஒரே ஒரு விதமாக. கறுப்பு ஃப்ரேம் கண்ணாடி, இன்னும் மூக்கில் சரியாக உட்காரவில்லை. நான் அந்தப் பக்கம் நடந்தால், மெஷின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, கையிலிருக்கும் புஷ்ஷின் அளவைப் படிக்கிறார்.

“ஒம்போது புள்ளி ஒம்போது எட்டு! எய்திக்கோ மேடம்!”

ஃபைல் வர இன்னும் எட்டு நாள் இருக்கிறது. எட்டு நாளில் கோடு எவ்வளவு நகரும் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியும். போட்டுப் பார்க்கப் பயம். அவர் படிக்கும்போதெல்லாம் நின்று, எட்டிப் பார்த்து, என் நோட்டில் எழுதிக்கொள்கிறேன். இதுவரை ஒன்றுகூட அவர் தப்பாகப் படிக்கவில்லை.